பின்னால நின்னு கூப்பிட்டவ

இல்ல தாயி, இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும். மேல வைக்க வேண்டாம். அந்தக் கண்டக்டர் சொல்லுதான், "ஆச்சி, மேல வச்சிட்டு வசதியா இரிங்க"ன்னு. ஆச்சியாம். அவன் தலையில பாதிக்கு மேல நர, என்னைய ஆச்சிங்கான். நீ சன்னலோரத்துலயே இரி. எனக்குக் காத்து வேண்டாம். கடக்கரையில பொறந்து கடக்கரையிலயே வாக்கப்பட்டவளுக்குக் காத்துக்கு என்ன பஞ்சம்.

நீ எங்கன, பாளையங்கோட்டைக்கா? நல்லதாப் போச்சி. நான் அதுக்கு முந்தியே கே.டி.சி. நகர்ல எறங்கிருவேன். முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன், தப்பா நெனைக்காதே. நான் எறங்கிப் போகும்போது, "போயிட்டு வாங்கம்மா"ன்னு முதுகுக்குப் பின்னால இருந்து சத்தம் குடுத்துராதே. சொல்லணும்னா இப்பமே சொல்லிரு. நான் ஒரு காரியமாப் போறேன். காலையில வீட்ட விட்டு எறங்கி தெருமொன தாண்டல, எதுத்த வீட்டு மரியதங்கம், "ஏக்கா, எங்கன கெளம்பிட்டீய"ன்னு பின்னால நின்னு கத்துதா. அவளுக்கு வேற சோலி கெடையாது. திரும்ப வீட்டுக்குள்ள போயி, உக்காந்து, ஒரு செம்புத் தண்ணி குடிச்சி, மாதா படத்த ஒரு தடவ பாத்துட்டு மறுபடி எறங்கினேன். அதுல ஒரு பஸ்ஸு போயிருச்சி. போனாப் போகுது.

சிரிக்கே. சிரி. படிச்ச பிள்ளையளுக்கு இதெல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும். வள்ளத்துக்குப் போறவன் வீட்டுல ஒரு மாசம் இருந்து பாரு, பெறவு சிரி. கடலுக்குப் போறவன பின்னால நின்னு கூப்பிடப்படாது. கூப்பிட்டா அவன் திரும்பப்படாது. திரும்பிட்டான்னா அன்னைக்கி வல எடுக்கப்படாது, பேசாம வீட்டுல படுத்துக்கிடணும். எங்க தெருவுல நட பழகுத பிள்ளைக்குக் கூட இது தெரியும். தெரியாதவ ஒருத்தி வந்தா. அவளாலதான் நான் இன்னைக்கி இந்தப் பையத் தூக்கிக்கிட்டு அலையுதேன்.

பையில என்னன்னு பாக்கியா? சேல. கூறைச்சேல. எம் மவன் கல்யாணத்துக்குப் பொண்ணுக்கு எடுத்தது, தாலி ஏறின பெறவு மாத்திக் கட்டுதது. தொட்டுப் பாரு, மடிப்புக் கூடக் கலையல. கட்டவே இல்லியே, எப்படிக் கலையும்.

பூமி ஆடிச்சே, அன்னைக்கி நீ எங்க இருந்தே? பாளையங்கோட்டையிலயும் ஆடிச்சா? ஃபேன் மட்டும் ஆடிச்சாக்கும். எங்களுக்குக் கட்டடமே ஆடிச்சி. தூத்துக்குடியில இப்ப ரெண்டு பேரு பாத்துக்கிட்டா இதுதான் பேச்சு. "சாப்பிட்டாச்சா"ன்னு கேட்ட காலம் போயி, "அன்னைக்கி நீங்க எங்க இருந்தீய"ன்னு கேக்காவ. ஒருத்தன் குளிச்சிக்கிட்டு இருந்தானாம், இடுப்புல துண்டோட மெயின் ரோட்டுல நின்னானாம். ஒருத்தி கல்லுல தோச ஊத்திட்டு ஓடினாளாம், வந்து பாத்தா தோசையும் இல்ல கல்லும் இல்லியாம், அந்தக் கூட்டத்துலயும் ஒருத்தன் கல்லத் தூக்கிட்டுப் போயிருக்கான். இப்படி ஆளுக்கு ஒரு கத. என்னைய மட்டும் யாரும் கேக்குததில்ல. நான் எங்க இருந்தேன்னு ஊருக்கே தெரியும். எம் மவன் கல்யாணத்துல இருந்தேன்.

ஆமா தாயி. கோயில்ல. நாங்க சர்ச்ச கோயிலுன்னுதான் சொல்லுவோம். சாமியார் பிரசங்கம் வச்சிக்கிட்டு இருக்காரு. அந்தச் சாமியாருக்கு மைக்கு கெடச்சா விடமாட்டாரு, குடும்பம்னா என்ன, பொறுமைன்னா என்னன்னு நீட்டிக்கிட்டே போறாரு. எம் மவன் வினிஸ்டன் கோட்டு போட்டு, பையில பூக் குத்தி, வேர்த்து விறுவிறுத்து நிக்கான். பக்கத்துல அந்தப் பிள்ள. பெனிட்டா. வெள்ளச் சேல, தலையில வலை, கையில பூச்செண்டு. அழகுதான். நான் இல்லன்னு சொல்லமாட்டேன். எனக்குப் பொய் சொல்லி என்ன ஆகப் போகுது.

அவியளும் எங்க ஆளுதான். ஆனா ரெண்டு தலைமுறையாக் கடல்ல காலு நனைக்காத ஆளுவ. அவ அப்பா கஸ்பார் வாத்தியாரு, பாளையங்கோட்டையில பெரிய பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நல்ல மனுசன், மெதுவாப் பேசுவாரு. அம்மா இல்ல. அந்தப் பிள்ள எங்க ஊரு ஆசுபத்திரியில ரத்தம் எடுக்குத சோலி பாத்துக்கிட்டு இருந்தா. தூண்டி முள்ளு கையக் கிழிச்சி இவன் அங்க போனான், அவ கட்டுப் போட்டுவிட்டா. கட்டுப் பிரிச்ச பெறவும் இவன் போயிக்கிட்டே இருந்தான். கை நல்லாத்தானல இருக்குன்னு கேட்டேன். இவன் பல்லக் காட்டினான். சரி, ஆகட்டும்னுட்டேன். நான் ஒண்ணும் சினிமாவுல வாற மாமியா இல்ல.

எங்க விட்டேன்? பிரசங்கம். முதல்ல எனக்குத் தலை சுத்துதுன்னுதான் நெனச்சேன். காலையில இருந்து வெறும் வயிறு, பூசையில சாமியார் குடுக்குத நன்மை அப்பம் எடுக்கணும்லா. பாத்தா முன்னால இருக்க பெஞ்சு நகருது. மேல தொங்குத சரவிளக்கு ஊஞ்சல் ஆடுது. மணிக்கூண்டுல மணி தானா அடிக்குது. சாமியார் நிறுத்திட்டாரு. அவர நிறுத்த வைக்கதுக்குப் பூமியே ஆட வேண்டியிருந்துச்சி பாத்துக்கோ. பெறவு ஒரு சத்தம். லாரி வாற மாதிரி, ஆனா லாரி காலுக்கு அடியில வருது. பீடத்துக்கு மேல வளைவு இருக்குல்லா, அதுல இருந்து காரை பேந்து விழுது. புழுதி. பிள்ளையெல்லாம் வீறிடுது. எம்புட்டு நேரம் ஆடிச்சின்னு கேட்டா, ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்க முடியல, அம்புட்டுத்தான்.

நின்ன உடனே எல்லார் போனும் ஒண்ணாச் சத்தம் போடுது. துறைமுகத்துல சங்கு ஊதுதான். எவனோ வாசல்ல நின்னு கத்துதான், "கடலுக்குள்ளதான் ஆடிருக்கு, தண்ணி வரப் போவுது"ன்னு. அடுத்த சத்தம் என்ன தெரியுமா? "வள்ளம்"னு ஒரு சத்தம். யாரு சொன்னான்னு தெரியாது. அந்த ஒரு வார்த்ததான். கோயில்ல இருந்த ஆம்பளை பூராவும் எந்திரிச்சிட்டான்.

என்னத்துக்கா? அங்கதான் இருக்கு சூட்சுமம். அல வந்தா கரைகிட்டதான் எந்திரிக்கும். கட்டிப் போட்ட வள்ளத்த ஒண்ணோட ஒண்ணு மோத விட்டு சில்லு சில்லாக்கிரும். ஆழத்துக்குக் கொண்டுட்டுப் போயிட்டோம்னா, எம்மாம் பெரிய அலையும் அடியில போயிரும், வள்ளம் ஏறி எறங்கும், அவ்வளவுதான். அதனால தண்ணி வருதுன்னா எல்லா ஊரும் கரைய விட்டு ஓடும், எங்க ஆளு மட்டும் கடலப் பாத்து ஓடுவான். கிறுக்குன்னு நெனைக்கியா? நெனச்சிக்கோ. வள்ளம் போச்சின்னா உயிரு மட்டும் இருந்து என்ன செய்ய, கருவாடு போடவா.

எம் மவனும் ஓடினான். கோட்டோட, பூவோட. மாப்பிள்ளைத் தோழனும் ஓடினான், அவன்தான் இன்ஜின் பாக்கவன், அவன் இல்லாம வள்ளம் நகராது. மோதிரம் போடல, தாலி கட்டல. நடுக்கோயில்ல அவ நிக்கா, இவன் ஓடுதான். ஊரு என்ன சொல்லுது? பொண்டாட்டி ஆகப் போறவள விட்டுட்டு ஓடிட்டானாம். பயந்தாங்கொள்ளியாம். நான் கேக்கேன், பயந்தவன் கடலுக்கா ஓடுவான்? ஏட்டி, பயந்தவன் மேக்க ஓடுவான், பாளையங்கோட்டைக்கு. நேரா அலைக்குள்ள போறேன்னு ஓடினவனப் பயந்தவன்னு சொல்லுத நாக்குக்கு என்ன செய்யலாம்?

டோல்கேட்டா? நிக்கட்டும். இவன் எப்பவும் இங்க நின்னுதான் போவான்.

அவ கூப்பிட்டா. அதுதான் நடந்தது. அவன் பாதிக் கோயில் தாண்டிட்டான், அப்பம் அவ பின்னால நின்னு கூப்பிட்டா. "வினிஸ்டன்"னு. பேரச் சொல்லி. வள்ளத்துக்குப் போறவன, அதுவும் கடல் என்ன செய்யும்னு தெரியாத நேரத்துல, கோயிலுக்குள்ள வச்சி, முதுகுக்குப் பின்னால. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. இவன் திரும்பல. போயிட்டான்.

என்னத்துக்குக் கூப்பிட்டாளா? அது, அவ அப்பா. அந்தக் காரை பேந்துச்சின்னு சொன்னேம்லா, அதுல ஒரு கட்டி வாத்தியாரு காலுல விழுந்துருச்சி. முழங்காலுக்குக் கீழ. அவரு கீழ கெடக்காரு. நான் பாத்தேன். பாக்கலன்னு சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சிப் பாரு, எம் மவன் ஒருத்தனா அங்க இருந்தான்? கோயில் நெறய ஆளு. யாராவது தூக்குவாவ தான? ... ஆமா, எல்லாவனும் வள்ளத்துக்குப் போயிட்டானுவதான். இருந்தது பொம்பளையும் பிள்ளையும் சாமியாரும் போட்டோ எடுக்க வந்தவனும். அவளே தூக்கினா. நாலு பொம்பளையச் சேத்துக்கிட்டு, பெஞ்சுல வாத்தியாரப் படுக்க வச்சி, பெஞ்சோட தூக்கிட்டு வாசலுக்குக் கொண்டாந்துட்டா. வெள்ளச் சேல பூராவும் ரத்தம். கெட்டிக்காரிதான். அதையும் நான் சொல்லத்தான் செய்யுதேன். தூக்கத் தெரிஞ்சவ எதுக்குக் கூப்பிடணும்?

கேளு, பெறவு என்ன ஆச்சின்னு. தண்ணி வரல. வரவே இல்ல. கடலு குளம் கணக்கா கெடந்துச்சி. கரைய விட்டுப் போங்கன்னு போலீசு மைக்குல கத்துதான், ஊருல இருக்கவன் பூராவும் பைக்கு எடுத்துக்கிட்டு, பொண்டாட்டி பிள்ளையோட, தண்ணி எப்படி வருதுன்னு பாக்கக் கடக்கரைக்கு வாறான். ஐஸ் வண்டிக்காரன் வந்துட்டான். வாத்தியார ஏத்தின ஆட்டோ அந்தக் கூட்டத்துல மாட்டிக்கிட்டு நகர முடியாம நின்னுச்சி. அந்த ஆட்டோவ யாரு மறிச்சா? எம் மவனா மறிச்சான்? வேடிக்க பாக்க வந்தவனுவள ஒருத்தனும் ஒரு வார்த்த கேக்கல.

வள்ளம்? அதக் கேக்காதே. சரி, கேட்டுட்டே. எல்லாவனும் ஒரே நேரத்துல துறைமுக வாசல்ல முட்டுனா என்ன ஆகும்? இடிச்சிக்கிட்டானுவ. எங்க வள்ளத்துக்கு முன்பக்கம் பொளந்துருச்சி. பொழுது சாயத்தான் திரும்பி வந்தாவ. கோட்டெல்லாம் கிரீசு. கட்டிப் போட்டபடியே கெடந்த வள்ளத்துல ஒரு கீறல் கூட இல்ல. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கானுவ. சிரிச்சா சிரிக்கட்டும். தண்ணி வந்திருந்தா? வந்திருந்தா எவன் சிரிச்சிருப்பான்? மறுபடி சங்கு ஊதினாலும் நான் போன்னுதான் சொல்லுவேன்.

ஊருல சேதம் இல்லாம இல்ல. பழைய கட்டடமெல்லாம் விரிசல். எங்க வீட்டுச் செவத்துல கூட மேல இருந்து கீழ ஒரு கோடு ஓடுது. ஆபீசர் வந்து தட்டிப் பாத்துட்டு, "இதுல இருக்காதீங்கம்மா, ஆபத்து"ன்னு சொன்னாரு. நான் அதுக்கு மேல ஒரு காலண்டர மாட்டிட்டேன். விரிசல் தெரியலல்லா.

அவிய வீட்டுல இருந்து இந்தச் சேலையத் திருப்பி அனுப்பிட்டாவ. சாமியார் கையில குடுத்து. வாத்தியாருக்குக் காலுல கம்பி வச்சிருக்கு, குச்சி ஊணி நடக்காராம். சாமியார் சொல்லுதாரு, அந்தப் பிள்ள கோவமா ஒண்ணும் பேசலியாம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாளாம். "நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டுச்சி. தோளு திரும்புச்சி, நான் பாத்தேன். பெறவு ஏன் திரும்பல? அத மட்டும் அவரு வந்து சொல்லட்டும். சொன்னா ஈஸ்டர் முடிஞ்சி கோயில்ல மறுபடி கல்யாண ஓலை வாசிக்கலாம். சொல்லலன்னா வேண்டாம்"ன்னாளாம்.

இவன் போயிச் சொல்ல வேண்டியதுதான? சொல்ல மாட்டேங்கான். போகவும் மாட்டேங்கான். வள்ளத்த சரி பண்ணி எறக்கியாச்சி, ஆனா முகத்துல ஒண்ணும் இல்ல. தாடி. இன்னொண்ணு, இது யாருட்டயும் சொல்லல, உன்கிட்ட சொல்லுதேன். நான் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான். வீட்டுக்குள்ள வச்சிச் சொல்லுதேன். அவன் வாசலப் பாத்து உக்காந்திருப்பான், நான் அடுப்படியில நின்னு, "ஏல வினிஸ்டன், சாப்பிட வா"ன்னுவேன். திரும்ப மாட்டான். நான் சுத்தி அவன் முன்னால போயி நின்னு சொன்னாத்தான் எந்திரிச்சி வருவான். இன்ஜின் சத்தத்துல காது அடைச்சிருச்சோன்னு நெனச்சி, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். காது நல்லா இருக்குன்னுட்டாரு. பெறவு என்ன எழவோ, எனக்குத் தெரியல.

கூப்பிடுததுல என்ன இருக்குன்னு கேக்கே. இருக்கு தாயி. எனக்குத் தெரியும். அவன் அப்பா, எங்க வீட்டு அவிய, கடைசியாப் போன அன்னைக்கி சோத்துத் தூக்க மறந்து வச்சிட்டுப் போயிட்டாவ. இவன் அப்ப வயித்துல. நான் தூக்கு வாளிய எடுத்துக்கிட்டு மணல்ல ஓடினேன். எட்டிப் பிடிக்க முடியல. கூப்பிட்டேன். "இங்கேருங்க, சோறு"ன்னு. திரும்பினாவ. சிரிச்சாவ. வந்து வாங்கிக்கிட்டு, "மத்தியானம் பட்டினி கெடந்திருப்பேன்"ன்னு சொல்லிட்டுப் போனாவ. காத்து எந்திரிச்சிருச்சி. வள்ளம் மட்டும் வந்துச்சி.

எங்க மாமியா அன்னைக்கில இருந்து சாவுத வரைக்கும் அதையே சொன்னா. நீ கூப்பிட்டே, அவன் திரும்பினான். நீ கூப்பிட்டே, அவன் திரும்பினான். சோத்த முன்னால வச்சிக்கிட்டுச் சொல்லுவா. இவனத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டே சொல்லுவா. ஒரு நாள் நானும் கேட்டுட்டேன். "ஏத்தே, பசியோட போறவனுக்குச் சோறு குடுக்கக் கூப்பிட்டேன். எந்தப் பொண்டாட்டியும் கூப்பிடத்தான் செய்வா. கல்நெஞ்சுக்காரிதான் கூப்பிடாம இருப்பா. காத்து வந்ததுக்கு என் தொண்டையா காரணம்"னு கேட்டேன். நான் யாருக்கும் பயப்பட்டவ இல்ல பாத்துக்கோ.

கொஞ்சம் இந்தப் பைய உன் மடியில வச்சிக்கோ. கண்ணுல தூசி. வல்லநாடு தாண்டினா இந்த ரோட்டுல எப்பவும் தூசி. கண்ணாடியத் தொடைச்சிக்கிடுதேன்.

என்ன கேட்டே? சரியாக் கேக்கல, மறுபடி சொல்லு.

... அது வேற, இது வேற தாயி. நான் கூப்பிட்டது சோத்துக்கு. அவ கூப்பிட்டது... அவ கூப்பிட்டது அப்பாவுக்கு. அது வேறதான். எப்படி வேறன்னா, வேற. நீ ஒருத்தி, கோர்ட்டுல வக்கீல் கேக்குத மாதிரி கேக்கே. என்ன படிக்கே? நர்சுக்கா? வாயப் பாத்தா அப்படித் தெரியல.

ஆறு வந்துருச்சி. தண்ணி கெடக்கு பாரு இந்த வெயிலுலயும்.

சரி, கேட்டுட்டே, முழுசாச் சொல்லிருதேன். மறைக்கதுக்கு என்ன இருக்கு. அந்தப் பிள்ள சொன்னது நெசம்தான். அவன் தோளு திரும்புச்சி. நான் பக்கத்துப் பெஞ்சுல நிக்கேன், எனக்குத் தெரியாதா. ஒரு காலத் திருப்பிட்டான். இன்னும் ஒரு நொடி விட்டா முகமும் திரும்பிரும். நான்தான் சொன்னேன். "ஏல, திரும்பாதல, போ"ன்னு சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். அந்தக் கூச்சல்ல அவளுக்குக் கேக்கல, அவனுக்குக் கேட்டுச்சி. பெத்தவ சத்தம் கேக்காம இருக்குமா. எப்பவும் நான் சொன்னத மீறாத பிள்ள. போயிட்டான்.

இன்னைக்கும் அப்படித்தான் சொல்லுவேன். அவன் அப்பாவத்தான் கடலுக்குக் குடுத்தேன், இவனையும் குடுக்கவா? திரும்பாம போனான், முழுசா வந்தான். வள்ளத்துக்கு மூக்கு பேந்துச்சி, அவனுக்கு ஒரு கீறல் இல்ல. பெறவு நான் சொன்னது தப்பா?

இதத்தான் அவன் அந்தப் பிள்ளைகிட்ட போயிச் சொல்ல மாட்டேங்கான். கூச்சமா இருக்கும். இல்லன்னா சொல்லுததுக்கு என்ன? "எங்கம்மா சொன்னா, நான் திரும்பல"ன்னு ஒரு வரி. சாமியார் என்ன சொல்லுதாரு தெரியுமா? "உங்கள விட்டுக் குடுக்க மாட்டான்மா, அதுனாலதான் வாயத் தொறக்க மாட்டேங்கான்"ங்காரு. எனக்கு எதுக்கு அவன் காவல்? நான் என்ன களவா எடுத்தேன். அதான் நானே கெளம்பிட்டேன். அவனுக்குத் தெரியாது. கடலுக்குப் போயிருக்கான், பொழுது அடையத்தான் வருவான். அதுக்குள்ள போயிட்டு வந்துரணும்.

அவ முன்னால நின்னு சொல்லப் போறேன். "நான்தான் சொன்னேன், அவன் மேல தப்பு இல்ல. இந்தா உன் சேல. கட்டுனாக் கட்டு." அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பு கேக்க மாட்டேன், அத எங்கிட்ட எதிர்பாக்கப்படாது. வாத்தியாரு காலப் பாத்து வேணா வருத்தமா இருக்குன்னு சொல்லுவேன். அது இருக்கத்தான் செய்யுது. ராத்திரி படுத்தா அந்த மனுசன் கெடந்த கெட கண்ணுல வருது. ஆனா கூப்பிட்டது அவ தப்பு. அத நான் மாத்திச் சொல்ல மாட்டேன். அவ என் முகத்துல கதவச் சாத்தினா சாத்தட்டும். திறக்குத வரைக்கும் அங்கனயே உக்காந்திருப்பேன். எனக்கு வேற என்ன சோலி. அவ வேண்டாம்னு சொல்லிட்டான்னா எம் மவன் வேற ஒருத்தியக் கட்ட மாட்டான், அது எனக்குத் தெரியும். அந்த வீட்டுல நானும் அவனும், அந்தக் காலண்டரும்தான்.

என்னப்பா, கே.டி.சி. நகரா? இங்கேரு, நிறுத்து, நிறுத்து. சொன்னேம்லா ஏறும்போதே. ஆச்சின்னு கூப்பிடத் தெரியுது, எறங்குத எடம் வந்தா சொல்லத் தெரியல. வாரேன் தாயி. நல்லாப் படி. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்லா? பின்னால சத்தம் குடுக்கப்படாது. கொஞ்சம் வழி விடுங்கய்யா, காலு வைக்க எடம் வேண்டாமா.

...

யாரு? யாரு கூப்பிடுதா?

ஏட்டி, நீயா? ஏய், நிறுத்துப்பா வண்டிய. நிறுத்து. என்ன தாயி, என்னத்துக்குக் கத்துதே? என்னது அது கையில?

ஐயோ, பை. எஞ்சேசுவே. சேல.

குடு, குடு. சன்னல் வழியாவே குடு. மெதுவா, கம்பியில மாட்டிரும். வந்துருச்சி. இந்தா, என் கையில இருக்கு. இது இல்லாம போயி நான் அவ முன்னால எதக் காட்டியிருப்பேன், வெறுங்கையவா? ஏன்டி, இம்புட்டு நேரம் என்ன செஞ்சே? வண்டி நகந்த பெறவா கூப்பிடுவாவ? நான் படியில எறங்கும்போதே ஒரு சத்தம் குடுத்திருக்க வேண்டாமா? மடியில பைய வச்சிக்கிட்டு, ஒரு மனுசி போறத வாயப் பொத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கே. கூப்பிடணும்லா. ஒண்ணுன்னா கூப்பிடத்தான செய்யணும்.

...

என்ன அப்படிப் பாக்கே.

ஆமா. நான் சொன்னது எனக்கும் கேட்டுச்சி.

இரிப்பா கண்டக்டரு, விசில் ஊதாதே. இம்புட்டு நேரம் நின்னாச்சி, இன்னும் ஒரு நிமிசம் நின்னா என்ன கொறஞ்சிரும். தாயி, நான் வீட்டுக்குப் போயித் தண்ணி குடிச்சிட்டெல்லாம் வரப் போறதில்ல. இப்படியே போறேன். வழியெல்லாம் அவகிட்ட என்ன சொல்லணும்னு வரி வரியா வச்சிருந்தேன், இப்ப ஒண்ணும் நெனப்புல இல்ல.

பாரு, அந்த ரெண்டாவது தெருவுல நீலக் கதவு, அதான் அவிய வீடு. இந்நேரம் அவ உள்ள வாத்தியாருக்குக் காப்பி போட்டுக்கிட்டு, வாசலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிப்பா. நான் முன்னால போயி நிக்கப் போறதில்ல. வாசல்லயே நிக்கப் போறேன். நின்னு, அவ முதுகுக்குப் பின்னால, பேரச் சொல்லிக் கூப்பிடப் போறேன்.

திரும்புதாளான்னு பாப்போம்.